புட்டுப்பானையில் ஒரு மோட்டார் சைக்கிள்

கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு வருடத்தில் ஒரு நாள் புகைச் சோதனை. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைப்பார்கள். திரையில் இலக்கங்கள் ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். தாள் ஒன்று அச்சாகி வரும். அந்தத் தாளும் காப்புறுதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் அடுத்த வருடத்துக்கான வருமான அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிடலாம். இலங்கையில் 2008இல் தொடங்கிய ஏற்பாடு இது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் இதற்கு மேல் தகுதிச் சான்றிதழ் என்று இன்னொன்று உண்டு. வாகனம் வீதியில் ஓடத் தக்கதா என்று பார்ப்பது அது. வீட்டு மோட்டார் சைக்கிளிடம் அதை யாரும் கேட்பதில்லை. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். வீதி விபத்தில் சாகிறவர்களில் ஆகப் பெரிய கூட்டமும் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். அப்படியிருந்தும் வருடாவருடம் கேட்கப்படுவது புகை மட்டும்.

குசினியைச் சோதிக்க வந்த ஒருவர் படியேறாமல் முற்றத்தில் நின்று, கூரைக்கு மேலே போகிற புகையை அண்ணாந்து பார்த்து, சமையல் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் எப்படியிருக்கும்? புகையைப் பார்த்துச் சில விசயங்களைத் திறமாகச் சொல்லலாம். விறகு பச்சையா, அடுப்புக்குக் காற்றுப் போகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். துருவலையின் கால் ஆடுகிறதா, கத்தியின் பிடி கழன்றிருக்கிறதா, தரையில் எண்ணெய் சிந்திக் கிடக்கிறதா என்பது தெரியாது. குசினியில் ஆளுக்குக் காயம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையால்தான்.

ஆகவே உள்ளே போவோம். அடுப்பில் புட்டு அவிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெருப்பு. விறகு எரிய விறகு மட்டும் போதாது, காற்று வேண்டும் என்பது அடுப்பு ஊதிய எவருக்கும் தெரியும். பெற்றோலும் அப்படித்தான், ஆனால் அதற்கு வேண்டிய காற்றின் அளவைக் கேட்டால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். நிறைப்படி பார்த்தால் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்கால் கிலோ அளவு. கணக்குப் பார்த்தால் ஒரு லீற்றருக்கு ஒன்பதாயிரம் லீற்றர் காற்று வருகிறது. ஒரு போத்தல் எண்ணெய்க்கு ஒரு சின்ன அறை நிறையக் காற்று. இந்த இரண்டையும் அளந்து கலக்கும் வேலை காபுரேற்றருடையது. விறகு தள்ளுகிற கையும் ஊதாங்குழலும் அதற்குள் ஒன்றாக இருக்கின்றன. காற்று ஓடும் குழாய் நடுவில் ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது. அந்த வேகத்தில் அங்கே அமுக்கம் குறைந்து, கீழே கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் ஜெற் என்கிற பித்தளைத் துளையால் மேலே இழுபட்டுத் தூறலாகிறது.

ஒன்பதாயிரம் லீற்றர் காற்று என்றேன். அது எந்த ஊர்க் காற்று என்பதும் முக்கியம். ஏ9 வீதியில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு ஒரு கதை. அக்கராயன், வட்டக்கச்சி, கண்டாவளைப் பக்கத்துக் கிரவல் ரோட்டில், முன்னே ஒரு டிப்பர் போக அதன் பின்னால் செம்மண் புழுதிக்குள் ஓடுகிற வண்டிக்கு வேறு கதை. அந்தப் புழுதியை எஞ்சினுக்குள் விடாமல் பிடித்து வைப்பது காற்று வடிகட்டி. கோடையில் அதைக் கழற்றித் தட்டினால் ஒரு கை செம்மண் விழும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் காற்றுக் குறையும், பெற்றோல் அதே அளவில் வரும். அடுப்பு வாயில் சாம்பலை அள்ளாமல் விறகை மட்டும் தள்ளிக்கொண்டிருப்பதுதான் அது. நெருப்பு மஞ்சளாகி, மந்தமாகி, பானையின் அடியில் கரி பிடிக்கும்.

புகைச் சோதனைத் திரையில் நிற்கிற இரண்டு எண்களும் இதைத்தான் சொல்கின்றன. ஒன்று காபன் ஓரொட்சைட்டு: காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்ததன் அடையாளம். பூட்டிய அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்களைக் கொல்வதும் இதே வாயுதான், நிறமில்லை, மணமில்லை. மற்றது ஐதரோகாபன்: எரியாமலே வெளியே போன பெற்றோல். முதலாவது கூடினால் வடிகட்டியையும் காபுரேற்றரையும் பார்க்க வேண்டும். இரண்டாவது கூடினால் பற்றவைக்கிற பொறியில் சந்தேகம், அல்லது வால்வு சரியாக மூடவில்லை. இந்த வகையில் சோதனை நல்ல சோதனைதான். ஒரு மெக்கானிக் அரைமணி நேரம் காதுகொடுத்துக் கேட்டுக் கண்டுபிடிப்பதை அது உடனே சொல்லிவிடுகிறது.

பொறி வருவது பிளக்கில். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் வெள்ளைப் பீங்கான், அதன் நடுவில் ஒரு கம்பி முனை, அதற்கு மேலே நகம்போல வளைந்து நிற்கும் இன்னொரு கம்பி. இரண்டுக்கும் இடையே 0.7 அல்லது 0.8 மில்லிமீற்றர். அந்த வெளியைத் தாண்டித்தான் பொறி பாய வேண்டும். நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றுகிற எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒருதரம் என்று நிமிடத்துக்கு 2,500 தடவை தீ மூட்டுகிற வேலை. பீங்கான் வறுத்த கொத்தமல்லியின் நிறத்தில் இருந்தால் நெருப்புச் சரி. சட்டிக்கரிபோல உதிர்கிற கறுப்பென்றால் பெற்றோல் கூடிவிட்டது. கறுப்போடு ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் கோளாறு கீழே, பிஸ்டன் பக்கம். சுண்ணாம்பு வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் குறைந்து எஞ்சின் கொதிக்கிறது. பிளக் என்பது எஞ்சின் தன் கைப்பட எழுதிவைக்கிற நாட்குறிப்பு; அதைப் படிக்காமல் புதிதாக வாங்கிப் பூட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த மண்ணில் நெருப்பைப் பற்றிப் பேசினால் மண்ணெண்ணெயைத் தாண்டிப் போக முடியாது. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் தடைப்பட்ட பொருளாயிற்று. சனம் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. மண்ணெண்ணெய் குளிரில் இலேசாக ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெய் பொறிக்குப் பிடிகொடுக்காது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, துளித்துளியாகக் காபுரேற்றருக்குள் விட்டுக் கிக்கரை உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். பன்னாடையில் தீப்பிடிக்க வைத்துப் பிறகு பாலைக் கட்டையைத் தள்ளுகிற அதே முறை. வெண்புகையும் மணமும் ஒரு பக்கம். மறுபக்கம் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் ஓரத்தால் வழிந்து கீழே போய் எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கியது. ஹொண்டா எம்டி 90 அதையும் தாங்கியது. யப்பானில் தபால்காரருக்கென்று செய்த சிவப்பு வண்டி. 90 சீசிக்குக் கொஞ்சம் குறைந்த எஞ்சின், கையால் பிடிக்க வேண்டிய கிளச் இல்லை, செயினை முழுதாக மூடிய தகரக்கூடு. ஒரு வண்டி நம்பகமானதா என்று கேட்பவருக்கு வன்னியில் இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள். என் கணிப்பில் அதன் ரகசியம் எஞ்சினில் பாதி, அந்தத் தகரக்கூட்டில் பாதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பானை. புட்டுப்பானையின் வாயில் நீத்துப்பெட்டியை வைத்ததும், பானைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள நீக்கலில் ஈரச் சீலைத்துண்டைச் சுற்றி அடைப்பார்கள். அடைக்காவிட்டால் ஆவி பக்கத்தால் போய்விடும். அடுப்பில் எவ்வளவு எரித்தாலும் மா வேகாது. எஞ்சினில் அந்தச் சீலைத்துண்டு பிஸ்டன் றிங். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள மயிரிழை நீக்கலை இந்த வளையங்கள் அடைக்கின்றன. உள்ளே வந்த காற்றும் பெற்றோலும் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படும். அப்போதுதான் பொறி பட்டதும் வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளும். றிங் தேய்ந்தால் அமுக்கம் பக்கத்தால் கசியும். கிக்கர் காலுக்குக் கனமில்லாமல் சும்மா இறங்கும். ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கும். கீழே இருக்கிற ஒயில் மேலே ஏறி எரிந்து நீலப்புகை வரும். காலையில் முதல் உதையில் மட்டும் கொஞ்சம் நீலம் வந்து நின்றுவிட்டால் குற்றம் வால்வுத் தண்டின் றப்பர் சீலில். ஓடும்போதெல்லாம் வந்தால் றிங்கில். றிங்கைத் தின்பது எது? பெரும்பாலும் வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டி இப்ப நல்லா இழுக்குது என்று ஓடுகிறவரின் செம்மண்.

ஒயிலைப் பற்றி நீட்ட வேண்டாம். ஏறத்தாழ ஒரு லீற்றர். அதுவே பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும். ஒருதரம் பொரித்த எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்தால் என்னாகும் என்பது வடை சுடுகிறவருக்குத் தெரியும். வெள்ளத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் மழையில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டியை எடுத்ததும் உதைக்கக் கூடாது. ஒயில் பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஒயில் பால்விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருக்கக்கூடும். தண்ணீர் கலந்துவிட்டதென்று அர்த்தம். அதை வடித்து, புதிது விட்டு, சிறிது ஓடவிட்டு, அதையும் வடிக்க வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்க உதைத்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் வளையக்கூடியது பிஸ்டனோடு இணைந்த தண்டுதான்.

புகை சொல்லக்கூடிய கதை இவ்வளவு. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சோதனைக்குப் போகும் வழியில் கராச்சில் நிறுத்தி, காபுரேற்றரின் காற்று ஸ்குறூவைக் கொஞ்சம் திருப்பிப் பெற்றோலைக் குறைத்துவிட்டால், நின்று ஓடும் வேகத்தில் எண் இறங்கிவிடும். தாள் வாங்கியதும் பழையபடி திருப்பிவிடலாம். விருந்தாளி வருகிற நேரத்துக்கு மட்டும் காய்ந்த விறகு வைப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

சரி, அடுப்பை விட்டு, புகை சொல்லாத பாகங்களைப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிளை முழுதாகச் சோதிக்கிற நாடுகள் உண்டு. பிரித்தானியாவில் எம்.ஓ.ரி என்கிற சோதனை 1960இல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கென்று தொடங்கியது. 1967இல் அந்த எல்லை மூன்று வருடமாயிற்று. இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற நம்மவரும் மூன்றாம் வருடத்திலிருந்து வருடந்தோறும் அதற்குப் போக வேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே பூத் தேய்ந்த ரயர், தொங்குகிற செயின், ஆடுகிற ஹாண்டில் எல்லாவற்றுக்கும் அங்கே தோல்விச் சீட்டு. அங்கே மோட்டார் சைக்கிள்கள் தவறுகிற காரணங்களில் முதலில் நிற்பது எஞ்சினல்ல, புகையுமல்ல. விளக்கு. அதற்குப் பின்னால்தான் பிறேக், ரயர், ஸ்டியரிங், சஸ்பென்சன். ஐரோப்பிய ஒன்றியமும் 125 சீசிக்கு மேற்பட்டவற்றை 2022 தொடக்கத்திலிருந்து சோதனைக்குள் கொண்டுவரச் சொன்னது. வேறு வழியில் பாதுகாப்பைக் காட்டினால் விலக்கு உண்டு என்றும் சேர்த்துச் சொன்னது. இந்தியாவில் சொந்த மோட்டார் சைக்கிளுக்குப் பதினைந்து வருடம்வரை புகைச் சான்றிதழ்தான். அதற்குப் பிறகே தகுதிச் சோதனை.

ஏன் விளக்கு முதலில்? விளக்கு வண்டியில் மிக மலிவான பொருட்களில் ஒன்று, கூடுதலாக உதறல்படுகிற பொருட்களிலும் ஒன்று. பின் விளக்கு மட்கார்ட்டின் நுனியில், உதறல் உச்சமாக இருக்கிற இடத்தில் தொங்குகிறது. இழை அறுந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும், அதுவும் தெரியாமல் போன பிறகு. பிறேக் லைற்றின் சுவிச் பெடலோடு ஒரு சின்ன ஸ்பிறிங்கால் கட்டப்பட்டிருக்கிறது. சேறு காய்ந்து இறுகினால் அந்த ஸ்பிறிங் இழுபடாது, அல்லது இழுபட்டபடி நின்று எந்நேரமும் சிவப்பு எரியும். எந்நேரமும் எரிகிற பிறேக் லைற் எரியாத பிறேக் லைற்றுக்குச் சமம். பூமிக் கம்பி சட்டத்தில் பூட்டியிருக்கும் இடம் துருப்பிடித்தால் சிக்னலைப் போட முன் விளக்கு மங்கும். நல்ல பல்ப்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேண்டியது ஒரு துண்டு மண்கடதாசியும் ஒரு போல்ட் திருப்பும்தான்.

ஏ9இல் இரவில் மாடு படுத்திருக்கும். மாரி காலத்தில் வயலும் பற்றையும் ஈரமாக இருக்க, பகல் வெயிலில் காய்ந்த தார் ரோட்டுத்தான் மாட்டுக்குச் சுகமான படுக்கை. கறுத்த மாடு, கறுத்த ரோட்டு. அங்கே முன் விளக்கின் வெளிச்சத்தைவிட அது எங்கே பார்க்கிறது என்பது முக்கியம். பின்னால் ஒரு நெல்மூட்டையை ஏற்றினால் வண்டியின் முகம் தூக்கி, வெளிச்சம் மரக்கொப்புக்குப் போய்விடும். கடையில் வாங்கி மாட்டுகிற வெள்ளை எல்ஈடி பல்ப்புகள் இன்னொரு தொல்லை. பழைய இழை பல்ப்புக்கென்று வார்த்த கிண்ணத்துக்குள் அவை வெளிச்சத்தைக் கண்டபடி சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணில் குத்தும், மாட்டின்மேல் விழாது. சோதனை எளிது. பொழுதுபட்ட பிறகு சுவருக்கு முன்னே வழமையான சுமையோடு வண்டியை நிமிர்த்திப் பிடித்து, தாழ் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

பிறேக்குக்குக் குசினியில் சரியான உவமை இல்லை, நேரே சொல்கிறேன். நம்மூர் வண்டிகளில் பின் சில்லில் பெரும்பாலும் டிறம் பிறேக். உள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள். பெடலை மிதிக்க உருண்டையல்லாத ஒரு தண்டு, கராச்சில் காம் என்பார்கள், திரும்பிக் கட்டைகளை அகட்டி டிறம்மின் உட்சுவரில் அழுத்தும். கட்டையின் மேல்தோல் தேயத் தேயப் பெடல் இறங்கும். இறங்கியதும் கம்பியின் நுனியிலுள்ள நட்டை இரண்டு திருப்புத் திருப்புவோம். பெடல் மறுபடி மேலே வரும். பிறேக் சரியாகிவிட்டதாக மனம் சொல்லும். இங்கேதான் விசயம். நட்டைத் திருப்பத் திருப்ப, வெளியே தெரியும் காம் கை முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே போகிறது. கம்பியும் கையும் செங்கோணத்தில் நிற்கும்போதுதான் மிதிக்கிற பலம் முழுதாகப் போய்ச் சேரும். கோணம் அதைத் தாண்டினால் அதே மிதிக்குக் குறைந்த பிடி. பெடல் உயரம் நன்றாக இருக்கும், கால் திருப்திப்படும், வண்டி நிற்காது. பல வண்டிகளில் அந்தக் கையின் அடியில் ஒரு சின்ன அம்புக்குறியும், மூடியில் ஒரு கோடும் இருக்கும். முழுதாக மிதித்தபடி குனிந்து பார்க்க வேண்டும். அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் நட்டு இனி உதவாது, கட்டை மாற்ற வேண்டும்.

வாய்க்கால் குறுக்கறுத்து ஓடும் இடங்களில் தண்ணீருக்குள்ளால் வண்டியை விட்ட பிறகு டிறம் நனைந்திருக்கும். மேட்டுக்கு ஏறியதும் பிறேக்கை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓடினால் காய்ந்துவிடும். அந்தத் தண்ணீரோடு போன வண்டல் காம் தண்டில் தங்கித் துருவானால், மிதித்த பிறேக் திரும்பி வராது. கட்டை உரசியபடியே சில்லு சுற்றும். வீடு வந்ததும் சில்லின் நடுவே கையை வைத்துப் பார்த்தால் சுடும்.

முன் சில்லு டிஸ்க் என்றால் அங்கே வேலை செய்வது எண்ணெய். இந்தப் பிறேக் எண்ணெய்க்கு ஒரு குணம்: காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாரியில் மூடி திறந்து வைத்த உப்புச் சிரட்டை கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே குணம். டொற் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் குடித்த பிறகு தரவிதி எதிர்பார்ப்பது 155 பாகைதான். நீண்ட நேரம் பிறேக் பிடித்துச் சூடேறினால் உள்ளே குமிழி வரும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். பிடி விரலோடு போய் ஹாண்டிலில் முட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதே எண்ணெயோடு ஓடுகிறவை எத்தனையோ. கண்ணாடி வழியே பார்த்தால் தேன் நிறத்திலிருந்து கோப்பி நிறத்துக்கு வந்திருக்கும்.

இப்போது எம்டி 90இன் செயினை மண் படாமல் மூடியிருந்த அந்தத் தகரக்கூட்டுக்கு வருவோம். செயினுக்கு ஒயில் பூசுவது நல்லதென்று எல்லோரும் பூசுகிறார்கள். கிரவல் ரோட்டில் அந்த ஒயிலில் செம்மண் ஒட்டும். ஒயிலும் மணலும் சேர்ந்தால் அம்மியில் வைத்த கூட்டுத்தான். அரைபடுவது செயினின் ஊசிகளும் ஸ்பொக்கற் பல்லும். ஒவ்வொரு ஊசியும் மயிரளவு தேய, நூற்றுச் சொச்சம் கண்ணிகளும் சேர்ந்து செயின் நீளும். தேய்ந்த பல் சுறாவின் முதுகுச் செட்டைபோல ஒரு பக்கம் வளைந்து கூராகும். பிறகு புதுச் செயின் மட்டும் போட்டால் பழைய பல் அதைக் கொஞ்ச நாளிலேயே தின்றுவிடும். செயின், முன் ஸ்பொக்கற், பின் ஸ்பொக்கற் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பூச முதல் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைக்க வேண்டும், பூசிய பிறகு மேலதிகத்தைத் துணியால் எடுக்க வேண்டும். பலர் இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பூசுவதை மட்டும் செய்கிறார்கள், அது பூசாமல் விடுவதிலும் மோசம். இறுக்கமும் கவனம்: நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆட வேண்டும். வெறும் வண்டியில் விறைப்பாக இழுத்துப் பூட்டினால், பின்னால் ஆளோ மூட்டையோ ஏறும்போது செயின் இன்னும் இறுகி எஞ்சின் பக்கத்து பெயரிங்கைப் பிடுங்கும்.

ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் வார்த்தது. வயதான ரயரில் பூ நிறைய இருந்தாலும் றப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். நனைந்த தாரில் அந்தப் பூவால் பயனில்லை. ஸ்டியரிங்குக்கு ஒரு சோதனை: வண்டியை நடு ஸ்டாண்டில் விட்டு, முன் சில்லைத் தூக்கி, ஹாண்டிலை விரலால் மெல்லத் தள்ள வேண்டும். நடுவில் ஒரு குழிக்குள் விழுந்ததுபோல நின்றால், குண்டும் குழியுமான ரோட்டில் அடிவாங்கி உள்ளேயுள்ள கிண்ணத்தில் குண்டுகள் பள்ளம் பதித்துவிட்டன. அந்த வண்டி நேரே ஓடும்போது காரணமில்லாமல் இலேசாக அலையும்.

இந்தத் தேய்மானங்களெல்லாம் கடந்த சில வருடங்களில் கூடியதற்கு ஒரு காரணம் நம் கையில் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் திரும்பத் திறந்தது. 2009இல் போர் முடிந்தபின் மீளக் குடியேறியவர்கள் லீசிங்கில் எடுத்த வண்டிகள் அதற்குள் பத்து வயதைத் தாண்டிவிட்டன, மாற்றுவதற்குப் புதிதில்லை, பழையதின் விலை வாங்கிய விலையையும் தாண்டியது. 2022இல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், கியூஆர் அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று வந்தபோது, மாதக்கணக்கில் நின்ற வண்டிகளின் காபுரேற்றரில் பெற்றோல் வற்றிப் பிசினாகி ஜெற்றை அடைத்தது. பானையின் அடியில் பால் பிடித்துக் காய்ந்ததைச் சுரண்டுகிற வேலை கராச்சுகளுக்கு நிறைய வந்தது.

இனி வருகிற வண்டிகளில் காபுரேற்றர் மெல்ல மறையும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததிலிருந்து அங்கே விற்கிற புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் பெற்றோலைக் கணினி அளந்து தெளிக்கிறது. சைலன்சருக்குள் மிஞ்சிய நச்சை எரித்து முடிக்க வினையூக்கி இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி பழைய வண்டிகளுக்கென்று வைத்த புகை எல்லையைப் பல வருடம் சிரமமில்லாமல் தாண்டும். அந்தத் தாளில் அப்போது இப்போதிருப்பதைவிடவும் குறைந்த செய்திதான் இருக்கும். பிறேக் கட்டை, பின் பல்ப், பூமிக் கம்பி, ஹாண்டில் கிண்ணம் எல்லாம் பழையபடியே தேயும். எம்டி 90க்கு இருந்த முழுச் செயின் கூடு இவற்றில் பலவற்றுக்கு இல்லை.